விலை கொடுத்து வாங்கிய இருக்கை

குன்னூரை அடுத்த வெலிங்டனிலுள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் பயின்றோர் படைத்தலைவர்களாவது நீலகிரிக்குப் பழகிய செய்தி. விண்வெளி வீரர்களாவது புதிது. இந்தியரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வருள் அஜித் கிருஷ்ணன் அக்கல்லூரியின் மாணவர்; பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் அங்குப் பயிற்றுநராக இருந்தவர். அந்நால்வருள் முதலில் விண்ணேகியவர் சுபான்ஷு சுக்லா. 2025 ஜூன் 25ஆம் நாள் அவர் ஏறிச் சென்றது எந்த அரசுக்கும் சொந்தமான கலமன்று. பயணத்தை ஏற்பாடு செய்தது ஆக்ஸியம் என்னும் தனியார் நிறுவனம். ஏவுகலமும் விண்கலமும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையவை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பதினெட்டு நாள் தங்கித் திரும்பிய அப்பயணத்துக்காக இந்தியா செலவிட்டது ஏறத்தாழ 550 கோடி ரூபாய்.

1984இல் ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் விருந்தினராகச் சென்றார். இம்முறை நாம் கட்டணம் செலுத்தினோம். இதில் நாணத்தக்கது ஏதுமில்லை. விருந்துக்குச் சென்றவன் உப்புக் குறைவென்று சொல்ல இயலாது. விலை கொடுத்தவன் கேட்கலாம். கேட்கவும் செய்தோம். புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு ஏவுகலத்தில் திரவ ஆக்சிஜன் கசிவு கண்டறியப்பட்டபோது, அதைச் செப்பனிட்டுச் சோதித்த பின்னரே ஏவவேண்டும் என இஸ்ரோ குழு உறுதியாக நின்றது. இஸ்ரோவின் தலைவர் நாராயணன், திரவ ஆக்சிஜனைக் கையாளும் கிரையோஜெனிக் எந்திரங்களில் துறைபோகியவர். ஜூன் 11ஆம் நாள் ஏவுதல் தள்ளிவைக்கப்பட்டது. கொடுத்த விலைக்கு இந்த ஒரு மறுப்பே பெரும் ஈடு என்போம்.

ஆயினும் இருக்கையை விலைக்கு வாங்குவது வேறு, வழியை அமைப்பது வேறு. உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970இல் எழுந்தது. அவ்விடத்தின் நிலநேர்க்கோடும் மலைச்சரிவும் ஏறத்தாழ 11 பாகையாக ஒத்திருப்பதைக் கண்டறிந்து, புவியின் அச்சுக்கு இணையாக அதனை அமைத்தார் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். சரிவையே கருவியின் உறுப்பாக்கிய அந்த நுட்பம் எவரிடமும் விலைக்கு வாங்கியதன்று. அதே உதகையில், அண்டக்கதிர் ஆய்வகம் மியூவான் துகள்களை எண்ணி ஞாயிற்றுப் புயல்களின் தடம் தேடுகிறது. வீரர்களின் உடலைத் தாக்கும் கதிர்வீச்சை அறிய இத்தகைய நெடுங்கால அளவீடுகள் இன்றியமையாதவை. இவற்றுக்குக் கைத்தட்டல் கிடைப்பதில்லை. நிதியேனும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

தனியார் வழியாகப் பெற்ற அறிவு தனியாரின் ஒப்பந்தத் தாள்களுக்குள் முடங்கிவிடுமோ என்பதே நம் கவலை. பணம் மக்களுடையது. சுக்லா நிகழ்த்திய ஏழு இந்திய ஆய்வுகளின் முடிவுகளை, வெற்றியோ தோல்வியோ, நம் பல்கலைக்கழகங்கள் எளிதில் பெறல் வேண்டும். அடுத்த இருக்கைக்கு ஒப்பந்தம் எழுதப்படுமானால், பழுதுகளையும் சோதனை விவரங்களையும் நாடாளுமன்றத்தின்முன் வைக்கும் உரிமை அதன் முதல் விதியாக இடம்பெறுக.