வலிக்காத கட்டிக்கு இனிப்பு உருண்டை

மார்பில் ஒரு கட்டி. வலிக்கவில்லை, அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது, ‘கத்தி வேண்டாம், பக்கவிளைவு கிடையாது’ என்று ஹோமியோபதி உருண்டைகள் கைக்கு வருகின்றன. நம் வீடுகளுக்கு இது புதிய கதையல்ல.

அந்த உருண்டையில் என்ன இருக்கிறது? 30சி என்றால், நூறு மடங்கு நீர்க்கச் செய்வதை 30 தடவை திரும்பத் திரும்பச் செய்தது என்று பொருள். 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் அரிது. 30இல் மிஞ்சுவது சர்க்கரைதான். விளைவே இல்லாததற்குப் பக்கவிளைவு எங்கிருந்து வரும்? எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் அறிவித்தது.

“ஹோமியோபதி டாக்டர் காதுகொடுத்துக் கேட்கிறார், ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை” என்கிறார்கள் தோழிகள். உண்மை. அந்த அவமதிப்பை எதிர்த்துச் சண்டை போடுவோம். ஆனால் கனிவு கட்டியைக் கரைக்காது.

உருண்டைக்காக ரவிக்கையைக் கழற்ற வேண்டாம். அடுப்படியை விட்டுப் போக வேண்டாம். பெரிய செலவும் இல்லை. இந்த வசதி அவளுக்கல்ல, குடும்பத்துக்கு. மாமனாருக்கு நெஞ்சுவலி என்றால் யாரும் உருண்டை தேடுவதில்லை, கார் பிடிக்கிறோம்.

மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம், முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட 5 மடங்குக்கும் மேல் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். தள்ளிப்போட்ட மாதங்களுக்கு அவள் கொடுக்கும் விலை அது.

கட்டிகள் எல்லாமே புற்றுநோய் அல்ல. ஆனால் அதை உருண்டை சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். சோறு காத்திருக்கும், கட்டி காத்திருக்காது.