ஊர் மாறாது, முகவரி ஏன் மாற வேண்டும்?

சிவகிரி என்று தேடினால் மூன்று ஊர்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள பேரூர். இன்னொன்று ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி. மற்றொன்று, நாராயண குருவின் சமாதி உள்ள வர்க்கலை சிவகிரி. ஓர் இணையப் பக்கத்தின் முகவரியில் வெறும் 'சிவகிரி' மட்டும் இருந்தால் எந்த ஊர் என்று தெரியாது. வெறும் வரிசை எண் மட்டும் இருந்தால் எதைப் பற்றிய பக்கம் என்பதே தெரியாது. கடையோ, பள்ளியோ, பேரூராட்சியோ, இணையதளம் தொடங்கும் எவரும் முகவரியைக் கடைசி வேலையாகத் தள்ளிவிடக் கூடாது. பார்த்ததும் பொருள் புரிய வேண்டும்; பத்தாண்டு கழித்தும் அதே முகவரி திறக்க வேண்டும். இரண்டில் பின்னதே முக்கியம்.

மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காமல் இருப்பதே அதற்கு வழி. 'திருநெல்வேலி/சங்கரன்கோவில்/சிவகிரி' என்று மாவட்டம், வட்டம், ஊர் எனப் படிப்படியாக அடுக்குவது ஒழுங்காகத் தோன்றும். ஆனால் சிவகிரி தனி வட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அடுக்கில் இரண்டு படிகள் பொய்யாகிவிட்டன. அதற்குப் பதில் 'சிவகிரி-சங்கரன்கோவில்', 'சிவகிரி-கொடுமுடி' என்று பக்கத்து ஊரைச் சேர்த்து, இடையில் சிறுகோடு இட்டால் குழப்பமும் தீரும், எல்லை மாறினாலும் முகவரி நிற்கும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறக்கூடியதுதான். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் வெளியான அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி முகவரிகளை மாற்றியிருந்தால் இருமுறை உடைந்திருக்கும். உடைவது அரிதும் அல்ல. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது.

முகவரியில் உள்ள சொற்களுக்குத் தேடல் வரிசையில் பெரிய மதிப்பில்லை என்று கூகுள்காரர்களே சொல்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் திறக்கலாமா என்று முடிவு செய்வது மனிதர். அவர் படிப்பது அந்தச் சொற்களைத்தான். முகவரி மாறும்போது பழைய லிங்க்குகள் ஈட்டித் தந்த மதிப்பும் ஆபத்துக்கு உள்ளாகிறது. தமிழிலேயே முகவரி வைக்கலாமே என்பது இன்னொரு கேள்வி. தாராளமாக வைக்கலாம், தமிழ் விக்கிப்பீடியா அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் 'சிவகிரி' என்ற நான்கெழுத்தை நகலெடுத்து ஒட்டினால், பல இடங்களில் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த 63 குறிகளாக நீண்டுவிடும். கைப்பேசியில் பகிர்வதே முதன்மையான தளங்களுக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி வசதி. எதைத் தேர்ந்தாலும் ஒன்றிலேயே நிற்க வேண்டும். மற்ற எழுத்துக்கூட்டல்களைப் பக்கத்தின் உள்ளே எழுதிக்கொள்ளலாம்.

தவிர்க்க முடியாமல் மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் '301' ஏற்பாட்டைச் செய்யுங்கள். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விடுவது இன்னும் நல்லது. தளம் அமைப்பவரிடம் வண்ணத்தையும் படத்தையும் பேசுவதற்கு முன், முகவரிகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பத்தாண்டு தாங்காது என்று தோன்றுவதை அங்கேயே அடித்துவிடுங்கள்.