கணக்கு உங்கள் பைலிலேயே இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் கணக்கு எழுத ஒரு புரோகிராம் வேண்டும் என்று கேட்டால் போதும். ஒருவர் மாதக் கட்டணம் கேட்கும் இணைய சேவையைக் காட்டுவார். இன்னொருவர் டேட்டாபேஸ் சர்வர் போட வேண்டும் என்பார். வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் இந்த இரண்டுமே அதிகம் என்பது என் கருத்து. ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு பைல் இருந்தால் வேலை முடிந்தது.

மரக்காணத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கும் என் சித்தப்பாவுக்காக, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்பதோடு முன்பணக் கணக்கும் அதில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் தண்ணீரில் கிடக்கும், வேலை இராது. அப்போது வாங்கும் முன்பணத்தைப் பிறகு கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். கழித்த வரி ஒன்று காணாமல் போனால் அந்தத் தொழிலாளி அதே கடனை இரண்டாம் முறை அடைக்க வேண்டும். அவர் கையில் சீட்டு எதுவும் இராது. ஆகவே டேட்டாவை எப்படி சேவ் செய்வது என்பது இங்கே வெறும் டெக்னிக்கல் விஷயம் அல்ல.

"நோட்டுல எழுதினா கரையான் அரிக்கும். இதுல எழுதினா எது அரிக்கும்?" என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி.

ஜாவாஸ்கிரிப்ட் கற்பவர்கள் முதலில் நாடுவது ஜேசன் பைல். நோட்பேடில் திறந்தே படிக்கலாம், எளிது. ஆனால் ஒரு வரியைச் சேர்த்தாலும் பைல் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் பாதி பைல்தான் மிஞ்சும், சில நேரம் காலி பைல். வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பழைய பெயருக்கு மாற்றினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். போன் நம்பர் பட்டியல், புத்தகப் பட்டியல் போன்றவற்றுக்கு இது தாராளம். கூலிக் கணக்குக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜ்' இன்னும் மோசம். ஹிஸ்டரியை அழிக்கும்போது குக்கீஸ் பெட்டியிலும் டிக் இருந்தால் கணக்கும் சேர்ந்து போய்விடும். ஆப்பிளின் சபாரி பிரவுசர் 2020 முதல், ஏழு நாள் பயன்படுத்தாத தளங்கள் இப்படிச் சேமித்ததைத் தானே நீக்குகிறது. மழைக்காலம் ஏழு நாளில் முடிவதில்லையே!

நான் தேர்ந்தெடுத்தது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் எழுதியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான சாப்ட்வேர் வேலையில் இருந்தபோது, சர்வர் நின்றால் புரோகிராமும் நின்றுவிடும் தொல்லை அவருக்கு இருந்தது. சர்வரே இல்லாத டேட்டாபேஸ் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இதுதான் இருக்கிறது. விலை கிடையாது, யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்-ஸில் 2024-ல் வந்த 22.5 பதிப்பிலிருந்து இது உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதன் சிறப்பு, பைலை மாற்றும் முன் பழைய பக்கங்களை ஒரு துணை பைலில் குறித்து வைப்பதுதான். கூலியைச் சேர்ப்பதும் முன்பணத்தைக் கழிப்பதும் ஒரே 'டிரான்ஸாக்‌ஷன்' என்று சொல்லிவிட்டால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது துணை பைலைப் பார்த்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இடம் அடைக்குமே என்று பயம் வேண்டாம். 40 பேருக்கு 250 நாள் எழுதினாலும் 10,000 வரிகள்தான். ஒரு எம்பி அளவுதான் வரும். குறையும் உண்டு. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பத்துப் பேர் பத்து கம்ப்யூட்டரில் பில் போடும் கடை என்றால் சர்வரே சரி. சித்தப்பா வீட்டில் எழுதுபவர் சித்தி ஒருவர்தான்.

இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். பணத்தை ரூபாயாக அல்ல, பைசாவாக முழு எண்ணில் சேமியுங்கள், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 0.1-உம் 0.2-உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. பெயர்களை யூனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய பாண்ட்களில் அடித்த தமிழ் பைல்களை இன்று திறந்தால் என்ன தெரிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரையான் கேள்விக்கு வருவோம். உப்புக் காற்றில் கம்ப்யூட்டரின் போர்டு அரித்துப் போகும். அதைத் தடுப்பது கஷ்டம். பைலைக் காப்பாற்றுவது எளிது: புரோகிராமை மூடிவிட்டு பென் டிரைவில் காப்பி எடுத்து, அதை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். புரோகிராம் திறந்திருக்கும்போது காப்பி செய்தால் அந்தப் பிரதி பழுதாக வாய்ப்புண்டு. வாரம் ஒரு முறை எடுத்தால் அதிகபட்சம் ஒரு வாரக் கணக்குதான் போகும்.

அதையும் திரும்ப எழுத ஒரு வழி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, ஒவ்வொருவருக்கும் அந்த வாரக் கூலியும் முன்பண பாக்கியும் அச்சிட்ட சீட்டு ஒன்று கொடுக்கிறோம். சித்தப்பா முதலில் பேப்பர் செலவு என்று முணுமுணுத்தார். இப்போது சீட்டு வராத வாரத்தில் அவர்களே வந்து கேட்கிறார்கள்.