கார்ஸ்டாங்கோடு நின்றுபோன கட்டுரை

விவிலியம் சொல்கிறபடி எக்காளம் ஊதி எரிகோவின் மதிலை யோசுவா வீழ்த்தியதற்கு மண்ணே சாட்சி சொல்லிவிட்டதாம். இனி மறுப்போர் வாய் திறக்கக் கூடாதாம். சென்ற இதழில் இப்படித் தீர்ப்பெழுதிய கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுவது, ஜான் கார்ஸ்டாங் 1930 முதல் 1936 வரை எரிகோ இருந்த தெல் எஸ்-சுல்தான் மேட்டில் நடத்திய அகழாய்வை. அதற்குப் பிறகு அங்கே யாருமே மண்வெட்டி எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலும்.

1952 முதல் 1958 வரை அதே மேட்டை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தவர் கேத்லீன் கென்யன். கார்ஸ்டாங் யோசுவா கணக்கில் எழுதிய இரட்டை மதில் தொடக்க வெண்கலக் காலத்தது என்று அவர் காட்டினார். கட்டுரையாளர் சொல்லும் கி.மு. 1400-க்கு அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியது. எக்காளம் ஊதியவர்களின் முப்பாட்டனே பிறந்திராத காலத்துச் சுவரை அவர்கள் தலையில் கட்டுவது எந்த ஊர் வரலாறு?

மதில் கைவிட்டதும் கார்பன் காலக்கணிப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஊர் எரிந்த அடுக்கின் கரித்துண்டு ஒன்று கி.மு. 1410 வாக்கைக் காட்டியதாம். காட்டியது உண்மை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அளந்த எண் அது. 1980களின் தொடக்கத்தில் அளந்த ஒரு தொகுதியில் பிழை நேர்ந்துவிட்டதென்று அதே அருங்காட்சியகம் பின்னர் அறிவித்து, இந்தத் துண்டின் காலத்தையும் இன்னும் முந்தையதாகத் திருத்தியது. திருத்திய எண்ணைக் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ப்ரூயின்ஸும் வான் டெர் ப்ளிக்ட்டும் அதே அடுக்கின் கருகிய தானியத்தை அளந்து 1995-இல் வெளியிட்ட முடிவும் இல்லை. அது கி.மு. 16-ஆம் நூற்றாண்டையோ அதற்கும் சற்று முன்பையோ சுட்டுகிறது. மட்பாண்டங்களைக் கொண்டு கென்யன் சொன்ன கி.மு. 1550-க்கு அதனால் பெரிய சேதமில்லை. 1400-க்குத்தான் இடமே இல்லாமல் போகிறது.

கி.மு. 1400 வாக்கில் நின்ற பிந்தைய வெண்கலக் கால மதிலை மழை அரித்துப் போயிருக்கலாமே என்று வேறு ஒரு பத்தி. மேடு கடுமையாக அரிபட்டது மெய்தான், கென்யனும் சொன்னதுதான். ஆனால் அவரது முதல் பத்தியில் இடிந்து கிடந்த மதில் ஐந்தாம் பத்தியில் மழையோடு போய்விட்டதென்றால், கார்ஸ்டாங் கண்டெடுத்தது எதை?

மிச்சம், அந்த எரிந்த அடுக்கில் கிடைத்த தானியச் சாடிகள். அவை நிறைந்திருந்ததால், அறுவடை முடிந்த கையோடு, நெடிய முற்றுகை இல்லாமலே ஊர் விழுந்தது என்கிறார். கட்டுரையில் உருப்படியான கவனிப்பு இது ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அது எந்த மாதம் என்பதற்கு ஆதாரம். எந்த நூற்றாண்டு என்பதற்கோ, அதே தீயில் கருகிய தானியத்தை அளந்து 1995-இலேயே முடிவும் வெளியிட்டாயிற்று.