காப்பகத்தில் முதலில் காண வேண்டியது

நோயுற்றவரைப் பேணும் நாள்களில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட நேரலாம். அங்கே வண்ணச் சுவர்களையும் பொம்மைகளையும் கண்டு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். முதலில் காண வேண்டியது பராமரிப்பவரையே என்பது என் கருத்து. அழும் குழந்தையிடம் உடனே செல்கிறாரா? முகம் பார்த்துப் பேசுகிறாரா? துணி மாற்றியபின் சோப்பிட்டுக் கை கழுவுகிறாரா? ஆள் அடிக்கடி மாறுகிறாரா? பழகிய முகமே குழந்தைக்குப் பாதுகாப்பு.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்திருத்தம் கூறியது. பெற்றோர் வந்து பார்ப்பது சலுகையன்று, உரிமை. அதற்குத் தயங்கும் காப்பகத்தில், எத்துணை நெருக்கடியிலும், குழந்தையை விடாதீர்கள்.