இருளர் வாலிபரும் தலைமையும்

மயிலையிலும் அடையாற்றிலும் வாழும் நம்மிற் பலர் கிண்டிப் பாம்புப் பண்ணையைக் கண்டு வியந்திருக்கிறோம். ஆயின் பாம்பின் தடமறிந்து பிடிக்கும் இருளரை எண்ணுவோர் எத்துணைப் பேர்?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தோல் வாணிகம் ஒடுங்கி, அவர்தம் பிழைப்பும் குன்றிற்று. 1978இல் தோன்றி வடநெம்மேலியில் நடைபெற்றுவரும் அவர்தம் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாது நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடும் தொழிலை அளித்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சே பாம்புக்கடி மருந்துக்கு மூலமாம். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

விருது பெற்றோர் இருவர். சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறி வருந்துவோரோ பலர். அவர்க்காகப் பிறர் விண்ணப்பம் எழுதுதல் நன்றே. அவர்தம் வாலிபரே எழுதி, தாமே நின்று வழக்குரைத்தல் அதனினும் நன்று.

கல்வி முற்றிய பின்னரே தலைமை என்பாரும் உளர். நீரில் இறங்காது நீந்தப் பழகினார் யார்?

ஆதலின், மாணவர்களே, 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தையும் சான்றிதழ் விதிகளையும் அவ்வாலிபரோடு ஒருங்கிருந்து பயில்வோம். அவர்கள் பேசுங்கால் முன்னே நில்லாது, பக்கத்தில் நிற்போமாக.