"பேய் எங்க?" என்று கேட்கிறவர்களுக்கு

"பேயே வரேல்ல மச்சான், இதென்ன பேய்ப்படம்?"

அறையில் நாலு பேர் சேர்ந்து 'கேம் ஓவர்' பார்த்து முடித்ததும் வந்த முதல் விமர்சனம் இது. 2019 ஜூனில் வந்த படம். விமர்சகர்கள் பலர் பாராட்டினார்கள். ஆனால் பார்த்தவர்களின் கதை இன்றைக்கும் "கடைசியில நடந்தது நிஜமா, கனவா?" என்ற புதிரோடேயே நிற்கிறது. எனக்கு இந்தக் கேள்விகளில்தான் கோபம்.

'மாயா' எடுத்த அஸ்வின் சரவணனின் படம். டாப்ஸி நடித்த ஸ்வப்னா, கேம் வடிவமைக்கிறவள். முந்தின புதுவருச இரவில் அவளுக்கு ஒரு வன்கொடுமை நடந்திருக்கிறது. அந்தத் திகதி கிட்ட வரவர உடம்பு நடுங்குகிறது; இருட்டில் மூச்சு அடைக்கிறது. இதற்கு 'அனிவர்சரி ரியாக்‌ஷன்' என்று பெயர். ஆவி என்று பார்த்தால், அவள் கையில் குத்திய பச்சையில் கலந்திருக்கும், கொலையுண்ட இன்னொரு பெண்ணின் சாம்பல் மட்டும்தான்.

எனக்கு இதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் கண்டாவளை. எங்கட ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. மே தொடங்கினால் அடுப்பு மூட்டமாட்டா, இரவில் லைட்டை நூக்க விடமாட்டா. "அவவுக்கு என்னவோ பிடிச்சிட்டுது" என்றது ஊர். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். ஜூனில் "பேய் போட்டுது" என்றார்கள். அடுத்த மேயில் திரும்பவும் அதே. 2009 மே எங்களை என்ன செய்தது என்று தெரிந்த ஊர்தான். ஆனாலும் ஒருத்தரும் கலண்டரைப் பார்க்கவில்லை.

'காஞ்சனா', 'அரண்மனை' எல்லாம் எங்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. பேய்க்கு ஒரு பிளாஷ்பேக், பிறகு பழிவாங்கல், அதோட பேய் போய்விடும். நானும் சிரித்துப் பார்த்தவள்தான். ஆனால் உண்மையான பயத்துக்கு கிளைமாக்ஸ் கிடையாது. அது வருசா வருசம் திகதி பார்த்து வரும்.

'கேம் ஓவர்' குறையில்லாத படமில்லை. பெண்ணைக் கொல்லுவதைக் காட்டித்தான் பயமுறுத்த வேணுமா என்று கேளுங்கோ, நியாயம். பேய் எங்க என்று மட்டும் கேட்காதேங்கோ. அந்தக் கேள்விதான் மாமியின் கையில் நூல் கட்டியது.

படத்தில் ஸ்வப்னாவை விட்டுப் போகாமல் கூடவே நிற்க ஒரு கலாம்மா இருந்தா. வாற மேயில் மாமிக்குப் பக்கத்தில் ஆர் இருக்கப் போறம்?